மின்கடத்தும் பலபடிகள்: மூலக்கூறு அமைப்பும் ஒரு கலைச்சொல்லும்

நெகிழி மின்சாரத்தைக் கடத்தாது என்பது தொடக்கப்பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். நம் இல்லங்களிற் பதிக்கப்பட்டுள்ள மின்கம்பியின் உள்ளே செம்பு இருக்கிறது, புறத்தே பி.வி.சி. உறை இருக்கிறது. செம்பு மின்னோட்டத்தைச் சுமந்து செல்ல, உறை தொடுவார் உயிரைக் காத்து நிற்கிறது. மின்பணியாளர் கையாளும் திருப்புளியின் பிடியும் நெகிழியே. இவ்வறிவு பொய்யன்று, ஆயின் முழுமையானதும் அன்று. நெகிழிகள் அடங்கிய பெருங்குடும்பத்தைப் பலபடிகள் என வேதியியலார் வழங்குவர். சிறிய மூலக்கூறாகிய ஒருபடி ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று தொடர்ந்து நீண்ட சங்கிலியாவதே பலபடி. அக்குடும்பத்திற் பிறந்த சில, உலோகம் போல மின்சாரத்தைக் கடத்துகின்றன. இதனைக் கண்டு வளர்த்தமைக்காகவே ஜப்பானியரான ஹிடேகி ஷிரகாவா, நியூசிலாந்தில் பிறந்தவரான ஆலன் மக்டயர்மிட், அமெரிக்கரான ஆலன் ஹீகர் ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

தமிழ்த் துறை மலரில் இப்பொருள் எதற்கு என வினவுவார் இருக்கலாம். ஒன்று, இது பெரிதும் அமைப்பைப் பற்றிய செய்தி. அதே அணுக்கள், வேறு அடுக்குமுறை. அதனால் விளைவு வேறு. எழுத்தும் அசையும் சீரும் நிற்கும் நிலைக்கேற்ப ஓசை மாறுவதைக் கற்ற மாணவர்க்கு இது எளிதில் விளங்கக் கூடியது. மற்றொன்று, நம் பாடநூல்களில் வழங்கும் ஒரு கலைச்சொல் இப்பொருளை விளக்குவதை விடுத்து மறைத்து நிற்கிறது என்பது நம் கருத்து. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

கார்பனின் நான்காம் கை

கார்பன் அணுவுக்குப் பிணைப்புக்கு உதவும் எலக்ட்ரான்கள் நான்கு. இவற்றை நான்கு கைகள் எனக் கொள்வோம். கடைகளில் பொருள் கட்டித் தரும் பை பாலிஎத்திலீனால் ஆனது. அதன் சங்கிலியிலுள்ள ஒவ்வொரு கார்பனும் இரு கைகளால் இரு பக்கத்துக் கார்பன்களையும், எஞ்சிய இரு கைகளால் இரு ஹைட்ரஜன்களையும் பற்றிக் கொண்டிருக்கிறது. நான்கு கைகளுக்கும் வேலை இருக்கிறது. எந்த எலக்ட்ரானும் தன் பிணைப்பை விட்டு அகல இயலாது. மின்னோட்டம் என்பது எலக்ட்ரான்களின் நகர்ச்சியே ஆதலின், நகர்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் மின்னோட்டமும் இல்லை.

இனிப் பாலிஅசிட்டிலீனை நோக்குவோம். இதுவும் கார்பன் சங்கிலியே. ஆனால் இதில் ஒவ்வொரு கார்பனோடும் ஒரு ஹைட்ரஜன் மட்டுமே இருக்கிறது. ஆகவே மூன்று கைகளுக்கே நிலையான வேலை. நான்காம் எலக்ட்ரான், சங்கிலி கிடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக மேலும் கீழும் பரவி நிற்கும். இதனைப் பை எலக்ட்ரான் என்பர். பக்கத்துக் கார்பனின் நான்காம் எலக்ட்ரானும் அவ்வாறே நிற்றலால், இரண்டும் பக்கவாட்டில் தழுவி இரண்டாம் பிணைப்பை ஆக்குகின்றன. இதனால் சங்கிலி நெடுகிலும் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என ஒன்றுவிட்டு ஒன்றாக அமைகிறது. ‘ஒன்றுவிட்ட’ என்பது உறவுமுறையைச் சுட்ட நாம் நாள்தோறும் வழங்கும் சொல். வேதியியலுக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

இங்ஙனம் ஒன்றுவிட்ட இரட்டைப் பிணைப்புகள் அமைந்த சங்கிலியில் பை எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதில்லை. பல கார்பன்களின் மீது பரவி நிற்கும். அப்படியாயின் பாலிஅசிட்டிலீன் தானாகவே உலோகம் போலக் கடத்த வேண்டுமே என்னும் ஐயம் எழும். பிணைப்புகள் அனைத்தும் ஒரே நீளமுடையனவாய் இருந்தால் அவ்வாறே கடத்தும். ஆனால் இயற்கை அதற்கு இடந்தரவில்லை. ஒரே வரிசையில் சம தொலைவில் நிற்கும் அணுக்கள், இவ்விரண்டாக நெருங்கிக் கொண்டால் மொத்த ஆற்றல் குறைகிறது. எனவே அவை நெருங்கிக் கொள்கின்றன. ருடால்ஃப் பையர்ல்ஸ் என்னும் இயற்பியலார் இதனை 1950களிலேயே விளக்கியுள்ளார். பாலிஅசிட்டிலீனில் ஒற்றைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 1.44 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 1.36 ஆங்ஸ்ட்ராம். இச்சிறு வேறுபாடே எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் பட்டைக்கும் வெறுமையான பட்டைக்கும் இடையே ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியைத் தோற்றுவித்து விடுகிறது. அறையின் வெப்பம் ஓர் எலக்ட்ரானுக்கு நல்கும் ஆற்றலோ 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவினதே. அறுபது மடங்கு உயரமான மதிலை அது எங்ஙனம் தாண்டும்? ஆகவே தூய பாலிஅசிட்டிலீன் உலோகம் அன்று. ஓர் எளிய குறைகடத்தியே.

ஆயிரம் மடங்கு மிகுந்த வினையூக்கி

பாலிஅசிட்டிலீனை முதலில் ஆக்கியவர் இத்தாலியரான ஜூலியோ நாட்டா, ஆண்டு 1958. அது கரும்பொடியாகவே கிடைத்தது. கரையாது, உருகாது, எவ்வடிவிலும் வார்க்க இயலாது. இப்பொடியை வைத்துக் கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை எனப் பலரும் கைவிட்டனர்.

1967இல் டோக்கியோவில் ஷிரகாவாவின் ஆய்வகத்தில், கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் பலபடியாக்கலைச் செய்து பார்த்தார். அளவிற் பிழை நேர்ந்தது. இட வேண்டியதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வினையூக்கி இடப்பட்டு விட்டது. கரும்பொடி வரவில்லை. கரைசலின் மேற்பரப்பில் வெள்ளித் தகடு போல் பளபளக்கும் மெல்லிய ஏடு படர்ந்திருந்தது. பிழை என அதனை வீசிவிடாமல் ஷிரகாவா ஆராய்ந்தார். வினையூக்கியின் அளவாலும் வெப்பநிலையாலும் ஏட்டின் அமைப்பை வேண்டியவாறு மாற்றலாம் எனக் கண்டார்.

1975இல் ஜப்பானுக்கு வந்த மக்டயர்மிட் அவ்வேட்டைக் கண்டு வியந்து, ஷிரகாவாவைத் தம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கு இயற்பியலாரான ஹீகரும் இணைந்தார். 1976 நவம்பரில் புரோமின் ஆவியை ஏட்டின் மேல் படச் செய்தபோது, சில நிமிடங்களிலேயே மின்கடத்துதிறன் மிக விரைந்து உயர்ந்தது. அயோடின் ஏற்றிய ஏட்டில் அவ்வுயர்வு ஒரு கோடி மடங்கு என அளந்தறிந்தனர். 1977இல் இச்செய்தி ஆய்விதழில் வெளியாயிற்று.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. 1963இலேயே ஆஸ்திரேலியாவில் வைஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் அயோடின் கலந்த பாலிபைரோல் நன்கு மின் கடத்துவதைக் கண்டு வெளியிட்டிருந்தனர். அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. பரிசு பெற்ற மூவரின் பெருமை இதனாற் குறையாது. எனினும் ‘முதன்முதலாக’ என்னும் சொல்லை நம் கட்டுரைகளில் சற்றுத் தயங்கியே எழுதுதல் நன்று.

மாசூட்டல் என்னும் சொல்

அயோடின் செய்தது யாது? அயோடினுக்கு எலக்ட்ரானின் மீது பெருவிருப்பம் உண்டு. அது பாலிஅசிட்டிலீன் சங்கிலியிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக் கொண்டு எதிர்மின் அயனியாகிச் சங்கிலிகளுக்கு இடையே போய் அமர்ந்து கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த சங்கிலியில் நேர்மின்னூட்டம் தோன்றுகிறது. அம்மின்னூட்டம் நிற்கும் இடத்தில் ஒற்றையும் இரட்டையும் மாறி வரும் ஒழுங்கு குலைகிறது. குலைந்த அப்பகுதியே சங்கிலி வழியே நகர்ந்து மின்சாரத்தைக் கொண்டு செல்கிறது. நெருக்கமாக நிறைந்த மண்டபத்தில் எவரும் அசைய இயலாது. ஓர் இருக்கை காலியாயின் ஒருவர் பின் ஒருவராக இடம் மாறலாம். ஏறத்தாழ அதைப் போன்றதே இதுவும். சோடியம் போன்றவை எலக்ட்ரானைப் பறிப்பதற்கு மாறாகத் தருகின்றன. அப்போதும் ஒழுங்கு குலைகிறது, கடத்தல் நிகழ்கிறது.

இச்செயலை நம் பாடநூல்கள் ‘மாசூட்டல்’ எனக் குறிக்கின்றன. சிலிக்கானுக்காக ஆக்கப்பட்ட சொல் இது. சிலிக்கானில் இது பொருத்தமே. அங்குப் பத்து இலட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்னும் அளவே போதும். அதுவும் சிலிக்கான் அணு ஒன்றை அகற்றிவிட்டு அதன் இடத்திலேயே அமர்கிறது. தூயதினுள் புகுந்த அயலான் ஆகையால் மாசு எனலாம். பலபடியில் நிகழ்வதோ முற்றிலும் வேறு. சங்கிலியின் கார்பன் ஒன்றுகூட இடம்பெயரவில்லை. சேர்க்கப்படும் பொருளும் துளியளவினது அன்று. நன்கு கடத்தும் பாலிஅசிட்டிலீனில் பதினைந்து கார்பன்களுக்கு ஒரு மின்னூட்டம் என்றும், அதனினும் நெருங்கியும் அமையும். நடப்பது ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஆகிய பழகிய வேதிவினையே. அதனை மீட்டுத் திருப்பவும் கூடும்.

‘மாசு’ என்னும் சொல்லைக் கேட்ட மாணவர், எங்கோ சிறிதளவு அழுக்குச் சேர்ந்தமையால் நெகிழி மின் கடத்துகிறது என்றே எண்ணுவார். சங்கிலியின் அமைப்புத்தான் முதற் காரணம் என்பது அவர் உள்ளத்தில் பதியாமலே போய்விடும். அயோடினைப் பாலிஎத்திலீன் பையின் மேல் எவ்வளவு ஊற்றினாலும் அது உலோகம் போலக் கடத்தப் போவதில்லை; ஏனெனில் அங்குப் பறிப்பதற்குப் பை எலக்ட்ரான் இல்லை. ஆகவே பலபடிகளைப் பற்றிப் பேசுமிடத்து ‘ஊட்டல்’ என்று மட்டும் கூறுதல் தகும் என்பது நம் துணிபு. ஊட்டலால் சங்கிலி பெறுவது மின்னூட்டம். இரு சொற்களும் இயல்பாகவே ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. சிலிக்கானுக்கு மாசூட்டல் இருந்துவிட்டுப் போகட்டும். வேதியியல் துறை நண்பர்கள் சிலர், வழங்கிவரும் சொல்லை மாற்றினால் குழப்பம் நேரும் என்பர். பிழையான எண்ணத்தை விதைக்கும் சொல்லால் நேரும் குழப்பம் அதனினும் பெரிதன்றோ?

வளைவும் நெளிவும்

ஒன்றுவிட்ட பிணைப்பும் ஊட்டலும் இருந்துவிட்டால் போதுமா எனின், போதா. சங்கிலி எவ்வாறு வளைந்து கிடக்கிறது என்பதும் நோக்கத்தக்கது.

பாலிஅசிட்டிலீனுக்கே இரு வடிவங்கள் உள. இரட்டைப் பிணைப்பின் இரு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கத்தில் நிற்பது சிஸ் வடிவம்; எதிர் எதிர்ப் பக்கங்களில் நிற்பது டிரான்ஸ் வடிவம். மிகக் குளிர்ந்த நிலையில் ஆக்கினால் செம்பு நிற ஏடு கிடைக்கும், அது சிஸ். வெப்பத்தில் ஆக்கினால் வெள்ளி நிற ஏடு; அது டிரான்ஸ். இரண்டிலும் அணுக்கள் அவையே, அவற்றின் எண்ணிக்கையும் அதுவே. ஆயினும் ஊட்டலுக்கு முன்னரே டிரான்ஸ் வடிவம் சிஸ் வடிவத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதியாகக் கடத்துகிறது. டிரான்ஸ் வடிவத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதில் ஒற்றைப் பிணைப்புகளை இரட்டையாகவும் இரட்டையை ஒற்றையாகவும் மாற்றி எழுதினாலும் ஆற்றல் மாறுவதில்லை. ஆகவே ஒருவகை ஒழுங்கும் மற்றவகை ஒழுங்கும் சந்திக்கும் எல்லை, சங்கிலியின் எந்த இடத்திலும் நிற்கலாம். மிக எளிதில் நகரலாம். இவ்வெல்லையைச் சாலிட்டான் என்பர். சூ, ஷ்ரீஃபர், ஹீகர் ஆகிய மூவர் 1979இல் இதன் கோட்பாட்டை வகுத்தனர். வளையங்களாலான பலபடிகளில் அங்ஙனம் மாற்றி எழுதினால் ஆற்றல் கூடிவிடும். ஆதலின் அவற்றில் மின்னூட்டம் சில வளையங்களை மட்டும் உருமாற்றிக் கொண்டு அவற்றோடு சேர்ந்தே நகர்கிறது.

வளையம் என்றவுடன் பாலிதயோஃபீனைக் கூறாதிருக்க இயலாது. நான்கு கார்பனும் ஒரு கந்தகமும் சேர்ந்த ஐங்கோண வளையமே தயோஃபீன். இவ்வளையங்கள் வரிசையாகத் தொடரும்போது அனைத்தும் ஒரே தளத்திற் கிடந்தால்தான் பை எலக்ட்ரான்கள் வளையத்துக்கு வளையம் தழுவ இயலும். ஒரு வளையம் திருகிக் கொண்டால் தழுவல் அறும், இடைவெளி பெருகும். வெறும் பாலிதயோஃபீன் கரையாது. கரைய வேண்டி வளையந்தோறும் ஆறு கார்பன் நீளமுள்ள ஒரு பக்கக்கிளையை ஒட்டினர். கரைந்தது, ஆனால் புதிய இடர் ஒன்று தோன்றியது. பக்கக்கிளை வளையத்தின் ஒரு புறத்தில் மட்டுமே இருத்தலால் வளையத்துக்குத் தலை, வால் என இரு முனைகள் உண்டாகி விடுகின்றன. ஒன்றன் வாலோடு அடுத்ததன் தலை சேர்ந்தால் கிளைகள் ஒன்றோடொன்று மோதாமல் இடம்பெறும். தலையோடு தலை சேர்ந்துவிட்டாலோ இரு கிளைகளும் நெருக்குண்டு வளையங்களைத் திருகிவிடும்.

யாப்புப் பயின்றார்க்கு இது புதிதன்று. நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதே தளை. சீர்கள் தனித்தனியே நல்லனவாய் இருந்தும் பொருத்தம் தவறினால் தளை தட்டும், ஓசை முறியும். பழைய முறையில் ஆக்கிய பலபடியில் இத்தளை தட்டல் மிகுதியாய் இருந்தது. 1992இல் மெக்கல்லோ, ரீக் ஆகிய இருவரின் குழுக்களும் தனித்தனியே, வாலும் தலையுமாகவே அந்தாதி போலத் தொடரும் பலபடியை ஆக்கும் முறைகளைக் கண்டனர். அதே வளையம், அதே கிளை. ஆயினும் செம்மஞ்சள் சாயலுடைய ஏடு கருஞ்சிவப்பு நிறமும் உலோகப் பளபளப்பும் பெற்றது. ஊட்டியபின் அதன் மின்கடத்துதிறனும் பன்மடங்கு உயர்ந்தது.

அவுரியின் வழித்தோன்றல்

பாலிஅனிலீன் இக்குடும்பத்தில் மூத்தது. 1862இல் இலண்டனில் லெத்தபி என்பார் அனிலீனை மின்வழியில் ஆக்சிஜனேற்றம் செய்து கருநீலப் படிவு ஒன்றைப் பெற்றார். அனிலீன் என்னும் பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. 1840 அளவில் ஃப்ரிட்ஷே என்னும் வேதியியலார் அவுரிச் சாயத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்து, அவுரியைக் குறிக்கும் ‘அனில்’ என்னும் சொல்லால் பெயரிட்டார். அது போர்த்துக்கீசியர்வழி வந்தது. அவர்களுக்கு அரபியிலிருந்து வந்தது. அரபியில் ‘அல்’ என்னும் முன்னொட்டு ‘நீல்’ என்பதோடு புணருங்கால் லகரம் நகரமாகத் திரிந்து ‘அந்நீல்’ என ஒலிக்கும். நீல் என்பதோ நீலம் என நாமும் வழங்கும் வடசொல்லே.

பாலிஅனிலீன் மூன்று நிலைகளில் இருக்கும். முற்றும் ஒடுங்கியதும் முற்றும் ஆக்சிஜனேற்றமடைந்ததும் கடத்துவதில்லை. பாதி ஒடுங்கியும் பாதி ஆக்சிஜனேற்றமடைந்தும் நிற்கும் இடைநிலையே பயன் தருவது. அந்நிலையும் தனித்து நீல நிறத்தோடு கடத்தாமலே கிடக்கும். அதில் அமிலத்தைச் சேர்த்தால் நைட்ரஜன்கள் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றுக் கொள்ள, நிறம் பச்சையாகி மின் பாய்கிறது. சங்கிலியின் எலக்ட்ரான் எண்ணிக்கையில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இருப்பவை தம்முள் இடம் மாறிக் கொள்கின்றன. அம்மோனியாவைக் காட்டினால் மீண்டும் நீலம், மின்கடத்தலும் மறைந்துவிடும். இதனை எவ்வகையில் ‘மாசு’ என்பது?

கற்பூரத்திலிருந்து பெறப்படும் கற்பூர சல்ஃபோனிக் அமிலத்தை இப்பலபடிக்கு ஊட்டி, மெட்டாகிரசால் என்னும் கரைப்பானில் கரைத்து ஏடாக்கினால், மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சில நூறு சீமென்ஸ் அளவை எட்டும். வேறு கரைப்பானில் அதே பலபடியும் அதே அமிலமும் அவ்வளவு தாரா. சுருண்டு கிடந்த சங்கிலியை மெட்டாகிரசால் நீட்டி நிமிர்த்துகிறது என்பதே 1990களில் மக்டயர்மிடும் எப்ஸ்டைனும் தந்த விளக்கம்.

சங்கிலி விட்டுச் சங்கிலி

இதுவரை ஒரு சங்கிலிக்குள் நிகழ்வதையே கூறினோம். கண்ணுக்குத் தெரியும் ஏட்டில் எண்ணற்ற சங்கிலிகள் உள. எந்தச் சங்கிலியும் ஏட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீள்வதில்லை. எனவே மின்னூட்டம் ஒரு சங்கிலியின் இறுதியில் மற்றொன்றுக்குத் தாவியே ஆக வேண்டும். உண்மையில் இத்தாவலே பெருந்தடை. செம்பைக் குளிர்வித்தால் அதன் மின்கடத்துதிறன் கூடும். மின்கடத்தும் பலபடிகளுட் பெரும்பாலானவற்றைக் குளிர்வித்தால் குறையும். தாவுவதற்கு வெப்பத்தின் உதவி வேண்டியிருத்தலே காரணம்.

சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு நெருங்கி நின்றால் தாவல் எளிதாகும். 1987இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் நார்மன், தியோஃபிலு ஆகிய இருவர், பாலிஅசிட்டிலீன் ஏட்டை இழுத்து நீட்டிச் சங்கிலிகளை ஒரே திசைப்படுத்திப் பின் அயோடின் ஊட்டினர். நீட்டிய திசையில் சென்டிமீட்டருக்கு ஒரு இலட்சம் சீமென்ஸ் அளவை அது தாண்டியதாக அறிவித்தனர். செம்பின் அளவு ஏறத்தாழ ஆறு இலட்சம். இவ்வளவு நெருங்கியும் பாலிஅசிட்டிலீன் கம்பி சந்தைக்கு வரவில்லை. எந்த இரட்டைப் பிணைப்பால் அது கடத்துகிறதோ அதே இரட்டைப் பிணைப்பைக் காற்றின் ஆக்சிஜன் தாக்கி அழித்து விடுகிறது.

சந்தைக்கு வந்தது பெடாட் என்னும் பலபடி. 1980களின் இறுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தார் இதனை ஆக்கினர். தயோஃபீன் வளையத்தில் வேண்டாத இணைப்பு நேரக்கூடிய இரு மூலைகளையும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் முன்னதாகவே அடைத்து விட்டனர். ஆகவே சங்கிலி நேராகவே வளர்ந்தாக வேண்டும். அவ்வாக்சிஜன்கள் எலக்ட்ரானை வளையத்துக்கு நல்கி, ஊட்டிய நிலை காற்றில் குலையாதிருக்கவும் துணை செய்கின்றன. ஆனால் இதுவும் நீரில் கரையாது. அதற்காகப் பாலிஸ்டைரீன் சல்ஃபோனிக் அமிலம் என்னும், தான் எலக்ட்ரானைக் கடத்தாத, மற்றொரு பலபடியோடு சேர்த்தனர். அது பெடாட்டுக்கு வேண்டிய எதிர்மின் அயனியையும் தந்தது. நீரில் விரவி மை போலப் பூசவும் வழி செய்தது. கூடவே, கடத்தும் துகள்களைச் சுற்றிப் போர்வை போலப் படிந்து தாவலைத் தடுக்கவும் செய்தது! பூசிய ஏட்டின் அளவு ஒரு சீமென்ஸ் அல்லது அதற்கும் கீழேயே நின்றது. பின்னர் எத்திலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சேர்த்தும், அடர் கந்தக அமிலத்தால் கழுவியும் அப்போர்வையை விலக்கிச் சங்கிலிகளை நெருங்கச் செய்தனர். 2010களில் அவ்வளவு மூவாயிரம் சீமென்ஸையும் கடந்தது. வேதிப்பெயர் மாறவில்லை, உள்ளடுக்கு மட்டுமே மாறிற்று.

பெடாட் முதலில் பூசப்பட்டது ஒளிப்படச் சுருளின் மேல். சுருள் உரசும்போது தேங்கும் நிலைமின்சாரம் பொறியாகிப் படத்தில் கீறல் போல் விழாதிருக்க, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய கடத்தும் படலம் வேண்டியிருந்தது. படச்சுருளின் காலம் பெரிதும் கழிந்தபின், மின்னணுக் கருவிகளின் மின்தேக்கிகளுக்குள் அது இடம்பெற்றுள்ளது.